பழம் மலிந்தால் சண்டை ஏன் வருகிறது?

பங்குனி மாதத்தில் நிலாவெளியிலிருந்து குச்சவெளிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வீதியோரத்தில் கிடுகுப் பந்தலுக்குக் கீழே வத்தகப்பழம் குவிந்து கிடக்கும். குவியல் சிறியதாக இருக்கும் வருடம் தோட்டக்காரர் முகத்தில் சிரிப்பு இருக்கும். குவியல் பந்தலைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிட்ட வருடம் அவரோடு பேச்சுக் கொடுக்காமல் போவது நல்லது.

என் பெரியப்பா இரண்டு ஏக்கரில் வத்தகை போடுகிறவர். அப்படியொரு வருடத்தில் லொறிக்காரரோடு அவருக்குக் கைகலப்பு வரைக்கும் போய்விட்டது.

"போன வருசம் தந்த காசு எங்க, இப்ப நீ சொல்லுற காசு எங்க? ராத்திரி பகலா தண்ணி கட்டினது உனக்காகவோ?" என்றார் பெரியப்பா.

"அண்ணே, கொழும்பில இறக்கிப்போட்டு வந்தா எனக்கு மிஞ்சுறது டீசல் காசுதான். நம்பினா நம்புங்கோ" என்றார் லொறிக்காரர்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், உலகத்தில் பழம் விளைகிற ஊர்களில் ஏன் அடிக்கடி அடிதடி வருகிறது என்பது பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள நூறு வருடத்துக்கு மேல் பின்னால், பிரான்ஸின் தெற்குக் கரைக்குப் போக வேண்டும். முதலில் நம்மூர்க் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வயிறு இழுபடாது

உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்குக் ‘கேள்வி நெகிழ்ச்சி’ என்ற சொல் ஞாபகம் இருக்கும், விலை மாறினால் வாங்குகிற அளவு எவ்வளவு மாறும் என்பதுதான் அது. அந்த வரைபுகள் மேல் இருந்த வெறுப்பும் ஞாபகம் இருக்கும். வரைபு வேண்டாம், ஒரு கேள்வி போதும். வத்தகப்பழம் பாதி விலைக்கு வந்தால் நீங்கள் இரண்டு மடங்கு தின்பீர்களா? ஒரு பழம் வாங்குகிற வீட்டில் ஒன்றரைப் பழம் போகலாம். அதற்கு மேல் யாருக்கும் வயிறு இழுபடாது. நோன்பு காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் விற்பனை ஏறும், நிலாவெளியில் வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் ஹோட்டல்காரர் கொஞ்சம் கூட வாங்குவார்கள். விலை குறைந்ததற்காகச் சாப்பாடு பெருகுவது மட்டும் கொஞ்சம்தான்.

இப்போது கணக்கு. இலக்கங்கள் நானே போட்டவை, சங்கதி விளங்குவதற்காக மட்டும். போன வருடம் ஒரு பகுதியிலிருந்து 100 லொறி பழம் போனது, தோட்டத்து விலை கிலோ 100 ரூபாய். இந்த வருடம் 120 லொறி. அந்தக் கூடுதல் 20 லொறியையும் தின்னவைக்க வேண்டுமென்றால் விலை நன்றாக இறங்கவேண்டும், 65 ரூபாய்க்கு இறங்குகிறது என்று வையுங்கள். லொறிக் கணக்கை விலையால் பெருக்குங்கள். போன வருடம் 10,000, இந்த வருடம் 7,800. ஊரே சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விளைவித்து, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகச் சம்பாதித்திருக்கிறது.

தனி ஆளுக்கு இது இன்னும் மோசமாக விழும். விதை, உரம், பம்புக்கு எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 60 ரூபாய் செலவு என்றால், போன வருடம் கையில் மிஞ்சியது 40 ரூபாய், இந்த வருடம் 5 ரூபாய். விலை மூன்றில் ஒரு பங்குதான் விழுந்தது. மிஞ்சியதோ எட்டில் ஒரு பங்கு. நகைக்கடையில் அடகு வைத்துத் தோட்டம் செய்தவருக்கு அந்த ஐந்து ரூபாயும் வட்டிக்கே போய்விடும்.

லொறிக்காரர் பக்கமும் பாருங்கள். டீசல், ஏற்றி இறக்கும் கூலி, வழியில் உடைவது அழுகுவது, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். பழம் மலிந்ததற்காக டீசல் மலியாது. ஆகவே போன வருடம் கொழும்புக் கடையில் 200 ரூபாய்க்கு விற்ற பழம் இந்த வருடம் 165 ரூபாய். வாங்குகிறவருக்கு நூற்றுக்கு 17 ரூபாய் சொச்சம் குறைந்திருக்கிறது, பெரிதாகக் கவனிக்கவும் மாட்டார். தோட்டத்தில் அதே குறைவு நூற்றுக்கு 35. பெரியப்பா தொலைபேசியில் கொழும்பு விலையைக் கேட்டுவிட்டு, தன் விலையைப் பார்த்துவிட்டு, நடுவில் யாரோ கொள்ளையடிக்கிறார்கள் என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். சில நேரம் கொள்ளையும் இருக்கும், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருத்தரும் கொள்ளையடிக்காமலே கணக்கு இப்படி வரும் என்பதுதான் விஷயம்.

இன்னும் ஒன்று. நெல்லை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு விலை ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். வத்தகப்பழம் நிழலில் இரண்டு கிழமை தாங்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அதுவும் தாங்காது. எனவே பேரம் பேசும்போது ஒரு பக்கத்தில் இருப்பவருக்குப் பின்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுபக்கத்தில் இருப்பவருக்கு இல்லை. பறித்து ஏற்றுகிற கூலிக்கே விலை கட்டாது என்ற நிலை வந்தால் பழத்தைக் கொடியோடு விட்டுவிடுவார்கள். மாடு தின்னும். பசி உள்ள நாட்டில் பழம் வயலில் அழுகுகிறதே என்று பேப்பரில் படம் வரும்.

நட்ட நாளும் பறிக்கிற நாளும்

எல்லாரும் ஏன் ஒரே நேரத்தில் கூட நட்டார்கள்? போன வருடம் விலை நன்றாக இருந்தது என்பதால்தான். நடும்போது தெரிவது போன வருட விலை. விற்கும்போது கிடைப்பது இந்த வருட விலை. இடையில் பக்கத்துத் தோட்டக்காரர் என்ன நட்டார் என்பது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. விலை விழுந்த அடுத்த வருடம் பாதிப் பேர் கைவிடுவார்கள், பழம் தட்டுப்படும், விலை ஏறும், திரும்பவும் எல்லாரும் நடுவார்கள். பொருளியலில் இதற்குச் ‘சிலந்திவலை’ என்று பெயர். 1934இல் நிக்கலஸ் கால்டோர் என்ற பொருளியலாளர் வைத்தது. விலையையும் அளவையும் வருடா வருடம் தாளில் கோடாக இழுத்தால் வலை மாதிரியே வரும்.

வத்தகைக்கு இந்தச் சுற்று சின்னது. மூன்று மாதத்தில் பழம், பிழைத்தால் அடுத்த போகத்தில் சோளமோ நிலக்கடலையோ போடலாம். மரத்துக்கும் கொடிக்கும் அப்படி மாற முடியாது. ஒட்டுமாங்கன்று வைத்தால் காய்க்க மூன்று நான்கு வருடம், திராட்சைக் கொடிக்கும் ஏறக்குறைய மூன்று வருடம். ஆசைப்பட்டு நட்ட கொடி காய்க்கத் தொடங்கும்போது ஆசைக்குக் காரணமான விலை எப்போதோ போயிருக்கும். வைத்த மரத்தை வெட்டவும் மனம் வராது. வருடா வருடம் அது காய்த்துக்கொண்டேயிருக்கும், விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஒரு மாகாணமே ஒரே பழத்தை நம்பியிருந்து, இந்தச் சுற்று இருபது வருடம் நீண்டால் என்ன நடக்கும்?

ஒரு பழம், நான்கு மாவட்டங்கள்

பிரான்ஸ் என்றால் நமக்கு பாரிஸ், பாரிஸ் என்றால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல். மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் லாங்டொக் பக்கத்தை நம் சொந்தக்காரரிலும் சிலருக்குத்தான் தெரியும். வெயில் காய்கிற, மழை குறைந்த பூமி. 1850களில் ரயில் பாதை வந்ததும் மலிவான வைனைப் பீப்பாய் பீப்பாயாக வடக்கிலிருந்த தொழிற்சாலை ஊர்களுக்கு அனுப்பலாம் என்றாயிற்று. கோதுமையும் ஆடும் போய், கண்ணுக்கு எட்டின தூரம் திராட்சை வந்தது.

1863 அளவில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ஒரு சின்னப் பூச்சியும் வந்தது. பிலொக்செரா. வேரைக் கடித்தே கொடியைக் கொன்றுவிடும். ஏறக்குறைய அதே காலம், 1869இல், நம் மலைநாட்டில் கோப்பிச் செடியின் இலையில் ஒரு மஞ்சள் பூஞ்சணம் தெரிந்தது. இங்கே கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அவர்கள் பழத்தை மாற்றவில்லை, வேரை மாற்றினார்கள். அமெரிக்க வேரில் தங்கள் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். கடலோர மணலில் அந்தப் பூச்சி வாழாது என்று கண்டுபிடித்து, ஒன்றும் விளையாது என்று விட்ட மணல் தரையிலும் கொடி நட்டார்கள். நிலாவெளி மணலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் செய்தி தனியாகப் பிடிக்கும்.

பிரான்ஸ் முழுவதும் 1875இல் 8 கோடி ஹெக்டோலீட்டருக்கு மேல் வைன் கிடைத்தது. ஒரு ஹெக்டோலீட்டர் என்பது 100 லீட்டர். 1889இல் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே. பழம் இல்லை, விலை உச்சத்தில். அந்த விலையைப் பார்த்து மூன்று காரியங்கள் நடந்தன. தெற்கில் இருந்தவர்கள் மலைச்சரிவை விட்டுச் சமவெளியில், அராமோன் என்ற அள்ளிக் காய்க்கிற ரகத்தை நட்டார்கள். நல்ல நிலத்தில் ஒரு ஹெக்டேயருக்கு 200 ஹெக்டோலீட்டருக்கு மேல் தரும், ருசி தண்ணீர் மாதிரி. அப்போது பிரான்ஸின் கையில் இருந்த அல்ஜீரியாவில் குடியேறியவர்களும் பெரிய அளவில் நட்டார்கள், அங்கேயிருந்து வருவதற்குச் சுங்க வரி கிடையாது. மூன்றாவது, சீனி. பிழிந்த சக்கையில் சீனியும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்கவைத்தால் இன்னொரு தரம் ‘வைன்’ வரும். பழம் இல்லாத காலத்தில் இது பிழைக்கிற வழி. பழம் திரும்பி வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. 1903இல் சீனி வரியையும் குறைத்தார்கள், வடக்கில் பீட்ரூட்டிலிருந்து சீனி எடுக்கிறவர்களுக்கு அது கொண்டாட்டம்.

கொடிகள் காய்த்தன. 1900ஆம் ஆண்டிலிருந்தே விலை சரியத் தொடங்கியது. பீப்பாயில் போன வருடத்து வைன் இருக்கும்போதே இந்த வருடத்துப் பழம் பழுத்தது. கூலி வேலை குறைந்தது, கடை கடனில் ஓடியது, வரி கட்ட முடியாதவரின் தட்டுமுட்டு ஏலத்துக்கு வந்தது.

1907 மார்ச் 11. ஆர்ஜெலியே என்ற சின்ன ஊரிலிருந்து 87 பேர் நடந்தே நார்போன் நகரத்துக்குப் போனார்கள், அங்கே வந்திருந்த பாராளுமன்றக் குழுவிடம் முறையிட. முன்னால் நடந்தவர் மார்சலன் அல்பேர், கொஞ்சம் திராட்சைக் கொடியும் ஒரு கோப்பிக் கடையும் வைத்திருந்த மனிதர். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஓர் ஊரில் கூட்டம். முதல் ஞாயிறு சில நூறு பேர். மே 12 பெசியேயில் ஒன்றரை லட்சம். ஜூன் 9 மொன்பெலியேயில் 5 லட்சத்துக்கு மேல். கொடியை நம்பியிருந்த நான்கு தெற்கு மாவட்டங்களின் சனத்தொகையை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒருவர் அளவில் வந்திருக்கிறார்கள். வரி கட்டுவதில்லை என்று தீர்மானம். நூற்றுக்கணக்கான நகர, கிராம சபைகள் ஒரே நேரத்தில் பதவி விலகின. நார்போன் மேயர் ஏர்னெஸ்ட் ஃபெருல் நகர மண்டபத்தில் கறுப்புக் கொடி ஏற்றினார்.

பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். ஜூன் 19இல் ஃபெருல் கைது. அன்றும் மறுநாளும் நார்போனில் துப்பாக்கிச் சூடு, இறந்தவர்கள் 6 பேர். சந்தைக்கு வந்த 20 வயதுப் பெண்ணொருத்தியும் அதில் ஒருத்தி. செய்தி கேட்டு, பக்கத்து ஆக்ட் நகரத்தில் இருந்த 17ஆம் காலாட்படையின் 500 வீரர் அளவில் ஆயுதக் கிடங்கை உடைத்துக்கொண்டு இரவோடிரவாகப் பெசியேக்கு நடந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்துக் கொடிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தகப்பனைச் சுடச் சொல்வார்கள் என்ற பயம் அவர்களுக்கு. பிறகு அந்தப் படையினரைத் துனீசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அல்பேர் கதை வேறுமாதிரி முடிந்தது. தேடப்பட்டவர், ஒளித்துப் பாரிஸ் போய்க் கிளெமான்சோவை நேரில் சந்தித்தார். பிரதமர் நன்றாகப் பேசி, ஊருக்குப் போய்ச் சனங்களை அமைதிப்படுத்தும்படி கேட்டு, ரயில் செலவுக்கு 100 பிராங்க் கொடுத்தார். பிறகு அதைப் பத்திரிகைக்காரருக்குச் சொல்லியும் விட்டார். ஊருக்குத் திரும்பியவரைக் காசு வாங்கினவன் என்றார்கள். ஒரு ரயில் டிக்கெட்டில் ஓர் இயக்கத்தின் முகத்தை உடைத்த கெட்டித்தனம். அரசியல் கற்க விரும்புகிறவர்கள் குறித்துவைக்கலாம்.

யாரைக் குற்றம் சொன்னார்கள்?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது துப்பாக்கிச் சூடு இல்லை. கூட்டத்தில் தூக்கிய பலகைகளில் என்ன எழுதியிருந்தது என்பதுதான். கலப்படக்காரருக்குச் சாவு, சீனி வைன் ஒழிக, இயற்கை வைன் வாழ்க. ‘நாங்கள் அளவுக்கு மீறி நட்டுவிட்டோம்’ என்று ஒரு பலகையும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

பின்னாளில் கணக்குப் பார்த்த பொருளாதார வரலாற்றாளர் பலர், கலப்படம் உண்மை, ஆனால் விலையை விழுத்தியதில் பெரிய பங்கு மிகை விளைச்சலுக்கே என்கிறார்கள். அப்படியானால் ஐந்து லட்சம் பேரும் ஏமாந்தவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன், 1904இல், அதே ஊர்களில் கூலிக்காரர் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகப் பெரிய வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். 1907இல் அந்தக் கூலியும் அந்த முதலாளியும் ஒரே ஊர்வலத்தில். சேர்த்துவைத்தது ‘கலப்படம்’ என்ற சொல். மிகை விளைச்சல் என்று ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி, யார் கொடியைப் பிடுங்குவது? பெரிய முதலாளி சமவெளியில் பிடுங்குவாரா, சின்ன ஆள் தன் அரை ஏக்கரைப் பிடுங்குவாரா? அந்தக் கேள்வி எழுந்த அன்றே ஊர் இரண்டாகும். வடக்குச் சீனிக்காரர் தூரத்தில் இருந்தார், அவரைத் திட்டினால் ஊரில் ஒருவருக்கும் நோகாது. அவர் குற்றம் இல்லாதவரும் இல்லை, அதனால் மனச்சாட்சியும் உறுத்தாது.

எங்கள் பெரியப்பாவுக்கு வடக்குச் சீனிக்காரர் இல்லை, லொறிக்காரர் இருந்தார். பக்கத்துக் காணிக்காரரோடு, "நீ ஏன் இந்த முறை மூன்று ஏக்கர் போட்டாய்?" என்று கேட்க முடியாது. அவர் மகள் கலியாணத்துக்கு இவர் போகவேண்டும்.

1907 ஜூன் 29இல் வந்த சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் மிகவும் சலிப்பான பகுதி. ஒவ்வொரு கொடிக்காரரும் எவ்வளவு விளைந்தது என்று நகர மண்டபத்தில் பதிய வேண்டும், யாரும் போய்ப் பார்க்கலாம். பதிந்ததைவிடக் கூட விற்றால் தண்ணீர் சேர்த்திருக்கிறார் என்று பிடிபடுவார். வைனுக்குப் போடும் சீனிக்கு மேலதிக வரியும் வந்தது. கலப்படத்தைப் பிடிக்க வைத்த பொறிதான், ஆனால் ஊரில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற இலக்கம் முதல்முறையாக எல்லாருக்கும் தெரிந்தது. அந்தச் செப்டெம்பரில் ஃபெருல் தலைமையில் கொடிக்காரர் கூட்டமைப்பு ஒன்றும் உருவாகியது, கலப்படக்காரரை நீதிமன்றத்துக்கு இழுப்பது அதன் வேலை.

இன்னொன்று, கூட்டுறவு. மரோசான் என்ற ஊரில் 1901இலேயே சின்னக் கொடிக்காரர் சேர்ந்து விற்கத் தொடங்கி, 1905இல் பொதுவான வைன் கிடங்கு கட்டியிருந்தார்கள். சின்ன ஆளிடம் தொட்டி இல்லை, புதுப் பழம் வரமுன் பழையதைக் கேட்ட விலைக்குத் தள்ளியாகவேண்டும். பொதுத் தொட்டி இருந்தால் கொஞ்சம் காத்திருக்கலாம். பின்னாலிருந்த கடிகாரத்தை நிறுத்தியது அதுதான். பிறகு இந்த மாதிரிக் கிடங்குகள் தெற்கு முழுவதும் பரவின.

விலை எப்போது நிமிர்ந்தது? 1910இல். காரணம், அந்த வருடம் விளைச்சல் படுமோசம்.

மிகை விளைச்சலுக்கு 1907இன் சட்டம் மருந்தாகவும் இருக்கவில்லை. 1931இல் புதிய கொடி நடுவதற்கே சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 1976 மார்ச்சில் மொன்ரெடொன் என்ற இடத்தில், இத்தாலி வைன் இறக்குமதியை எதிர்த்த கொடிக்காரருக்கும் கலகத் தடுப்புப் பொலிஸுக்கும் இடையில் சூடு, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர் இறந்தார்கள். 2023இல்கூட, விற்காத வைனை வாங்கி எரிசாராயமாக வடிக்க 20 கோடி யூரோ ஒதுக்கினார்கள்.

நம் பக்கத்துக்குத் திரும்பினால், குறைவான விளைச்சலும் எல்லாருக்கும் மருந்தாகாது என்பதை 2021 காட்டியது. அந்த மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் தடை விலகியது, இடையில் பட்டது பட்டதுதான். சந்தையில் விலை ஏறியது, விற்கத் தோட்டக்காரரிடம் பழம் இல்லை. 2022இல் அதற்கு நேர் எதிர்மாறாக, டீசல் வரிசையில் லொறி நின்றது. தோட்டத்தில் பழம், கொழும்பில் விலை, நடுவில் ஓடுவதற்கு எண்ணெய் இல்லை. ஒரே பழத்துக்கு ஒரே நாளில் இரண்டு சந்தை இருந்தது.

போன மாரி முடிந்து விதைக்கிற நேரம் பெரியப்பாவோடு நானும் விதைக்கடைக்குப் போனேன். இந்தக் கதையெல்லாம் அவருக்குச் சொல்லியிருந்தேன், நகர மண்டபத்தில் பதிகிற விஷயம் அவருக்குப் பிடித்துவிட்டது. கடைக்காரரிடம் விதையைக் கேட்கவில்லை.

"தம்பி, இந்த முறை வத்தகை விதை எத்தினை பக்கெட் போயிருக்கு?"

கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, காலையில இருந்து வாற எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க. கேட்டுட்டு ஒருத்தரும் வாங்காமப் போறாங்க."

பெரியப்பா கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஐந்து பக்கெட் தரச் சொன்னார்.